கையெழுத்துப் போட மறுத்த ஆட்டக்காரர்கள்

காற்பந்து பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் எதை எழுதுவார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும். ஒழுக்கம், விடாமுயற்சி, குழு உணர்வு, நாட்டுப்பற்று. நான்கு பத்தியில் கட்டுரை முடிந்துவிடும். ஆட்டக்காரருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள், எந்த ஒப்பந்தப்படி கொடுக்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது.

இன்னொரு பக்கம், கூடுதல் சம்பளம் கேட்டு ஓர் ஆட்டக்காரர் கையெழுத்துப் போட மறுத்தால், அவருக்குக் காசு ஆசை பிடித்துவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற பழமொழியும் கூடவே வரும். சரி, உப்பே வந்து சேரவில்லை என்றால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. ஒப்பந்தத்துக்காகப் பிடிவாதம் பிடித்த ஆட்டக்காரர்களால்தான் காற்பந்து ஒரு முறையான தொழிலாக மாறியது.

முதலில் நம் ஊர்க் கதை. கிள்ளான் துறைமுகத்தில் 1953-இல் பிறந்த ஆர். ஆறுமுகம், சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காவலராக நின்றவர். நீண்ட கைகளால் பந்தைப் பிடிப்பதைப் பார்த்து ரசிகர்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தார்கள். மொக்தார் டஹாரி, சந்தோக் சிங், சோ சின் ஆன் ஆகியோரோடு ஆடிய தலைமுறை அது. 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்றார்கள். அரசியல் காரணமாக மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. 2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' படம் இந்த நிகழ்வைத் தழுவியதுதான்.

அந்தத் தலைமுறை ஆடியது தொழிலாக அல்ல. பகலில் அலுவலகம், வங்கி, காவல் துறை என்று ஏதாவது ஒரு வேலை, மாலையில் பயிற்சி. சம்பளம் தந்தது முதலாளி, புகழ் தந்தது திடல். பேரம் பேச அவர்கள் கையில் ஒப்பந்தமே இல்லை. ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35. அடுத்த ஆண்டுதான் நாட்டில் பகுதிநேரத் தொழில்முறை லீக் தொடங்கியது.

இங்கிலாந்தில் ஆட்டக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே சம்பளம் வாங்கினார்கள். ஆனால் இரண்டு பூட்டுகள் இருந்தன. முதல் பூட்டு, சம்பள உச்சவரம்பு. 1901-இல் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் யாருக்கும் தரக்கூடாது என்று விதித்தார்கள். 1960 வாக்கில்கூட அது 20 பவுனாகத்தான் உயர்ந்திருந்தது. அரங்கம் நிறைய ரசிகர்கள் டிக்கெட் வாங்கினாலும் ஆட்டக்காரரின் சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டாது. இரண்டாவது பூட்டு இன்னும் மோசமானது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரின் பதிவைக் கிளப் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். அப்படின்னா, அவர் அங்கே ஆடவும் இல்லை, சம்பளமும் இல்லை, வேறு கிளப்புக்குப் போகவும் முடியாது.

இந்த இரண்டாவது பூட்டை ஆட்டியவர் நியூகாசல் கிளப்பின் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். 1960-இல் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். கிளப் விடவில்லை. அவர் காற்பந்தை விட்டுவிட்டுத் தக்கை விற்கும் வேலைக்குப் போனார். சில மாதங்கள் கழித்துத்தான் கிளப் இறங்கி வந்து அவரை ஆர்சனலுக்கு விட்டது. தன் காரியம் முடிந்துவிட்டது என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தின் துணையோடு வழக்கைத் தொடர்ந்தார். 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், இந்த முறை ஒருவர் தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுக்கிறது என்று தீர்ப்பளித்தார்.

முதல் பூட்டைத் திறந்தது சங்கம். அதன் தலைவர் ஜிம்மி ஹில், ஆட்டக்காரர்களைத் திரட்டி 1961 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்வோம் என்று அறிவித்தார். வேலைநிறுத்தத்துக்கு முன்பே உச்சவரம்பு நீங்கியது. ஃபுல்ஹாம் கிளப்பின் ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுன் வாங்கும் முதல் ஆட்டக்காரர் ஆனார்.

இரண்டிலும் ஒரே பாடம்தான். தனி ஆள் மறுத்தால் அதற்குப் பெயர் பிடிவாதம். சங்கம் பின்னால் நின்றால் அதற்குப் பெயர் கூட்டுப் பேரம்.

கிள்ளானுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது ஆகியவை அவர்களின் கோரிக்கைகளில் அடங்கும். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டார். போராட்டம் பரவியது, இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஒற்றுமை இவர்களுக்கும் இருந்தது. இல்லாதது சட்டத்தின் பாதுகாப்பு. ஈஸ்ட்ஹாமுக்கு நீதிமன்றக் கதவு திறந்தது, நாதனுக்குக் கப்பல்தான் காத்திருந்தது.

காற்பந்தில் சட்டப் பாதுகாப்பு மெதுவாகத்தான் வந்தது. பெல்ஜிய ஆட்டக்காரர் ஜான்-மார்க் போஸ்மன், 1990-இல் ஒப்பந்தம் முடிந்தும் கிளப் தன்னை விடவில்லை என்று வழக்குப் போட்டார். ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15-இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் மாற்றுத்தொகை இல்லாமல் வேறு கிளப்புக்குப் போகலாம் என்பது அதன் சாரம். இன்று ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். நாளிதழில் நாம் படிக்கும் 'கையெழுத்துப் போட மறுக்கும் நட்சத்திரம்' என்ற செய்திக்கெல்லாம் வேர் இதுதான். இனி அவர் காத்திருந்தால் நஷ்டம் கிளப்புக்கு.

2018-இல் ஃபிஃபா இன்னொரு விதியைச் சேர்த்தது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்றால், எழுத்து மூலம் தெரிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டுக்கு அதிகம் தேவைப்படுவது இந்த விதிதான். 1994-இல் இங்கே முழுநேரத் தொழில்முறை லீக் வந்தது. ஆட்ட முடிவை முன்கூட்டியே விலைபேசிய ஊழலும் அதே காலத்தில் வெடித்தது. ஆட்டக்காரர்கள், பயிற்றுநர்கள் என்று 21 பேர் நீக்கப்பட்டார்கள், 58 ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். தவறு தவறுதான். ஆனால் சம்பளத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. உலக ஆட்டக்காரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ கிழக்கு ஐரோப்பாவில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டத்தை விற்கச் சொல்லி அணுகப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சம்பளம் தாமதமாக வாங்கியவர்கள். வயிறு காயும் இடத்தைத்தான் தரகன் தேடுவான்.

கோலாலம்பூர் சிட்டி அணியைப் பாருங்கள். 2021-இல் ஜொகூர் டாருல் தாக்சிமை 2-0 என்று வென்று, 32 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தைத் தலைநகருக்குக் கொண்டுவந்தது. 2022-இல் ஏஎஃப்சி கிண்ண இறுதியாட்டம்வரை போனது. அதே ஆண்டில் அந்த ஆட்டக்காரர்களின் சம்பள பாக்கியும் செய்தியானது. 2024–25 பருவத்தில், சம்பள பாக்கிக்காக அணியின் 6 புள்ளிகள் குறைக்கப்பட்டன. 2023 பருவத்தில் மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் இரண்டும் லீக்கில் இடமே இழந்தன.

வேதனை என்னவென்றால், ஐரோப்பிய ஆட்டக்காரர் மேலான ஒப்பந்தத்துக்காகப் போராடுகிறார். நம் ஆட்டக்காரர் ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தத்தில் உள்ள தொகைக்காகப் போராட வேண்டியிருக்கிறது. புள்ளியைக் குறைக்கும் தண்டனையும் யாரைத் தாக்குகிறது? சம்பளமில்லாமல் ஓடி அந்தப் புள்ளியைச் சம்பாதித்த அதே ஆட்டக்காரரைத்தான்.

கிளப்பிடம் பணம் இல்லையே, ஆட்டக்காரர் நெருக்கினால் அணியே மூடிவிடுமே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் 2025-இல் லீக்கிலிருந்து விலகியதைப் பார்த்தோம். ஆனால் வருமானத்துக்கு மிஞ்சிய சம்பளத்தை எழுதிக் கையெழுத்து வாங்கியது ஆட்டக்காரர் அல்ல, நிர்வாகம். கொடுக்க முடிந்ததை எழுதுவதும், எழுதியதைக் கொடுப்பதும்தான் தீர்வு. இதைக் கேட்கத்தான் மலேசியத் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர் சங்கம் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. 'காற்பந்து ஒரு தொழில்' என்ற தலைப்பைக் கொடுத்து, ஒப்பந்தம், பாக்கி, உச்சவரம்பு, கூட்டுப் பேரம் ஆகிய நான்கு சொற்களையும் பயன்படுத்தி எழுதச் சொல்லுங்கள். தேர்வு எழுதும் மாணவர்கள் ஈஸ்ட்ஹாமையும் 1941 கிள்ளான் போராட்டத்தையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதிப் பழகலாம். கருத்துக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை.

நம் வகுப்பில் பந்தைக் கனவு காணும் பசங்க நிறைய. அவர்களில் ஒருவர் நாளை ஒரு கிளப்பில் கையெழுத்துப் போடலாம். அன்றைக்கு அந்தத் தாளை முழுதாகப் படித்து, புரியாததைக் கேட்டு, தேவைப்பட்டால் பேனாவைக் கீழே வைக்கும் துணிவு அவருக்கு வேண்டும். வாசித்துப் பொருள் உணர்வது மொழிப் பாடத்தின் வேலைதானே.