மீகாமனும் தண்டையலும்

கடல் வாணிகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் துறைமுகங்களைப் பற்றி எழுதுவர். வணிகரைப் பற்றி எழுதுவர். சுங்கங் கொண்ட வேந்தரைப் பற்றியும், ஏற்றியிறக்கப்பட்ட மிளகு, முத்து, யானை, குதிரை என்பன பற்றியும் விரிவாக எழுதுவர். அப்பண்டங்களைச் சுமந்த கப்பலை ஓட்டியவன் யாவன், அவன் தன் தொழிலை எவ்வாறு கற்றான், இரவிலே கரைகாணாக் கடலில் எதனைக்கொண்டு வழியறிந்தான் என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் விடை கிடைப்பது அரிது. இலங்கையின் வடகரைக்கும் சோழமண்டலக் கரைக்கும் இடைப்பட்ட கடலிலே அத்தொழில் எத்தன்மைத்தாய் இருந்தது என்பதை, சிதறிக்கிடக்கும் சில சான்றுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கப்பலோட்டுவோனைப் பண்டைத் தமிழர் மீகாமன் என்றனர். மீகான் என்ற வழக்கும் உண்டு. மாலுமி என்னுஞ் சொல் 'ஆசிரியன்' எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு என்பர். இந்து மாகடலிற் சென்ற அரபுக் கப்பல்களில் வழியறிந்து செலுத்துபவனுக்கு அதுவே பெயர். சுக்கான் என்பதும் அரபுமொழியிலிருந்து வந்ததே. வல்வெட்டித்துறையிலும் அதனை அடுத்த ஊர்களிலும் பாய்க்கப்பலின் தலைவனைத் தண்டையல் என்று வழங்கினர். மலையாளக் கரையிலே தண்டல் என்றிருந்த சொல்லை ஆங்கிலேயர் 'டிண்டல்' என ஆக்கிக்கொண்டனர். ஒரு தொழிலுக்கு இத்தனை பெயர்கள் அமைந்திருந்தும், அத்தொழில் செய்தவருள் ஒருவனது பெயர்தானும் பழைய ஏடுகளில் நிலைபெறவில்லை.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு புறநானூற்றிலேயே உண்டு. கரிகாற்சோழனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், கடலிலே கலஞ்செலுத்திக் காற்றையும் தன்வழிப்படுத்திய ஒருவனின் மரபினன் என அவனைப் புகழ்கின்றார். காற்றை ஆண்ட புகழ் அரசனின் முன்னோனுக்கு உரியதாயிற்று. உண்மையிற் காற்றை அறிந்து பாயை இறக்கியும் ஏற்றியும் நின்றவன் புலவரின் பாட்டில் இடம்பெறவில்லை. பிற்காலத்து நூலாகிய கப்பல் சாத்திரத்தைப் புரட்டினும் மரத்தின் இயல்பு, அளவு, நிமித்தம் என்பனவே மிகுதியாகக் கிடைக்கின்றன. கப்பலைச் செலுத்தும் முறையை அறிய விரும்புவோர்க்கு அந்நூல் பெரிதும் உதவாது.

அரண்மனைப் புலவரும் சாத்திரகாரரும் செய்யாததைக் கண்ணகி வழிபாட்டோடு வளர்ந்த ஈழத்துக் கதைப்பாடல்கள் செய்துள்ளன. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி வேண்டிக் கடலோடிய மீகாமனே கண்ணகி வழக்குரையின் ஒரு பகுதிக்குத் தலைவன். நெடுந்தீவை ஆண்டவனாகச் சொல்லப்படும் வெடியரசனோடு அவன் பொருதுகின்றான். கதையின் வரலாற்று உண்மை யாதாயினும் ஆகுக. கப்பலோட்டுவோனைக் காவியத் தலைவனாக்கும் எண்ணம் கடலோர மக்களுக்குத்தான் தோன்றியது. ஆனால் அங்கும் அவனுக்குத் தனிப்பெயர் இல்லை. தொழிற்பெயரே அவன் பெயர்.

இனி அவன் ஓடிய கடலை நோக்குவாம். பாக்குத் தொடுவாயும் அதன் தெற்கே உள்ள குடாவும் ஆழமற்றவை. மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கிடக்கும் மணற்றிடல்கள் பெருங்கப்பல்களுக்கு வழிவிடுவதில்லை. கி. பி. முதலாம் நூற்றாண்டிலே உரோம ஆசிரியனாகிய பிளினி இக்கடலைப் பற்றி எழுதியவை நமக்கு மிகப் பயன்படுவன. கிளோடியசுப் பேரரசன் (கி. பி. 41–54) காலத்திலே இலங்கையிலிருந்து சென்ற தூதரிடம் கேட்டறிந்தனவும் முன்னை ஆசிரியர் எழுதியனவும் அவனது நூலிற் கலந்துள்ளன. இத்தீவுக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட கடல் பெரும்பாலும் சுமார் 30 அடிக்கு மேல் ஆழமில்லாதது. ஆயினும் சில கால்களில் நங்கூரம் நிலைகொள்ளாத அளவு ஆழமுண்டு. ஒடுங்கிய வழியிலே கப்பலைத் திருப்ப வேண்டாதபடி இருபுறமும் அணியம் அமைத்திருந்தனர். மாலுமிகள் பறவைகளைக் கொண்டுசென்று அவ்வப்போது விடுத்து, அவை கரைநோக்கிப் பறக்குந் திசையைப் பின்பற்றினர். ஆண்டில் 4 மாதங்களே கடலோடினர். கோடைக் கதிர்த்திருப்பத்தின் பின் வரும் 100 நாட்களைச் சிறப்பாக ஒதுக்கினர். இவை அவன் கூற்றின் சாரம்.

இவற்றுட் பெரும்பாலானவை நம்பத்தக்கன. பறவையை விட்டுக் கரையறியும் வழக்கம் பாளி மொழியிலுள்ள தீக நிகாயத்திலும் கேவத்த சுத்தத்தில் உவமையாக வருகின்றது. ஒதுக்கப்பட்ட 100 நாட்கள் தென்மேற்குப் பருவக்காற்று வீறுடன் வீசும் காலத்தோடு நன்கு பொருந்துகின்றன. ஆனால் இம்மாலுமிகள் விண்மீன்களை நோக்குவதில்லை என்றும், வடவானத்து எழுமீன் கூட்டம் இங்குத் தெரிவதில்லை என்றும், தூதர் உரோமாபுரியில் அதனையும் கார்த்திகை மீன்களையும் கண்டு வியந்தனர் என்றும் பிளினி கூறுவதை ஏற்றல் இயலாது. எழுமீன் கூட்டம் ஆண்டின் ஒரு பகுதியில் நம் வடவானிலே தெளிவாகத் தோன்றுவதொன்று. கார்த்திகை மீன்களோ நம் தலைக்கு மேலேயே செல்வன. தூதர் சொன்னதை மொழிபெயர்த்தவன் பிழைத்தனனோ, பிளினி தானே பிழைத்தனனோ அறியோம். எவ்வாறாயினும், மாலுமி வானத்தை அறியாதவன் என்ற முடிவுக்கு அவன் கூற்று ஆதாரமாகாது. ஆழமற்ற கடலில் வானத்தினும் நீரையே மிகுதியாக நோக்கவேண்டும் என்பதே தூதர் சொல்லக் கருதியது போலும்.

அதே நூற்றாண்டில் எழுந்த 'எரித்திரேயக் கடற்செலவு' என்னும் கிரேக்க நூல், நருமதை முகத்திலுள்ள பரிகசத் துறைக்கு (இன்றைய பரூச்) வரும் கப்பல்களுக்கு அரசனின் பணியிலுள்ள மீனவர் வழிகாட்டியதை விரித்துரைக்கின்றது. அவர் பெரிய படகுகளில் சுராட்டிரக் கரைவரை எதிர்சென்று, மணற்றிடல்களுக்கு ஊடே கப்பலைத் திருப்பி, வெள்ளம் ஏறும்போது இழுத்தும், வற்றும்போது குறித்த இடங்களில் நங்கூரமிட்டும் துறைசேர்ப்பர். எத்துணை வல்ல மாலுமியாயினும் பிறிதொரு துறையின் அடிநிலத்தை அறியான். அதனை அறிந்தவன் அவ்வூர் மீனவனே என்பதை அவ்வரசன் உணர்ந்திருந்தான். இன்றும் கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் பெருங்கப்பலை உள்ளே கொணர வழிகாட்டி ஒருவர் சிறுபடகிற் சென்று கயிற்றேணியில் ஏறுகின்றார். கப்பலின் தலைவர் எத்துணைச் சான்றிதழ் உடையவராயினும் அவ்வழிகாட்டியின் சொற்கேட்டே கப்பலைச் செலுத்துவார்.

வழி தவறினால் நேர்வது யாது? நயினாதீவிலுள்ள தமிழ்க் கல்வெட்டொன்று இதற்கு ஒருவகையில் விடைதருகின்றது. அது முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை. ஊராத்துறை எனப்பட்ட ஊர்காவற்றுறைக்குப் பிறநாட்டு வணிகர் வந்துபோவதைப் பற்றிப் பேசும் அவ்வாணை, யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்கூறு அரசனுக்கும் முக்காற்கூறு உடையவனுக்கும் ஆகும் என்றும், பிற பண்டமேற்றிய கப்பல் உடைந்தால் செம்பாதி அரசனுக்கும் மறுபாதி உடையவனுக்கும் ஆகும் என்றும் விதிக்கின்றது. அக்கால வழக்கை நோக்க இது கொடுமையன்று. 1244-ஆம் ஆண்டளவில் காகதிய மன்னன் கணபதி மோட்டுப்பள்ளியிற் பொறித்த சாசனம், முன்னை அரசர் உடைந்த கப்பலின் பொருள் முழுவதையும் கவர்ந்தனர் என்று வெளிப்படையாகவே சொல்லித் தான் சுங்கம் மட்டுமே கொள்வதாக உறுதி கூறுகின்றது. ஆனால் காலும் பாதியும் வகுத்த இவ்வாணைகளிலே உடைந்த கப்பலை ஓட்டியவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கரைசேர்ந்தானோ, கடலிற் போனானோ, அது திறைசேரியின் கணக்கில் வராத செய்தி.

பாய்க்கப்பல் ஓட்டியவனது தொழிலின் உள்ளே புகுவோமாயின், முதற்கண் நிற்பது காற்று. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என நாற்றிசைக் காற்றுக்கும் யாழ்ப்பாணத்தார் தனிப்பெயர் வைத்திருப்பது உழவர்க்காக மட்டும் அன்று. வல்வெட்டித்துறைக் கரை வாடைக்கு நேரெதிரே திறந்து கிடப்பது. தீவுகளால் மறைக்கப்பட்ட ஊர்காவற்றுறையோ வாடைக்காலத்திற் புகலிடமாவது. எந்நாளிற் பாயேற்றுவது, எந்நாளில் கப்பலை ஒதுக்கிக் கட்டுவது என்று தீர்மானிப்பவன் தண்டையல். வணிகன் அவசரப்படுவான், புகையிலை கெடுமென்பான், அரிசி விலை இறங்குமென்பான். அவனுக்கு மறுப்புச் சொல்ல வல்லவனாயிருத்தல் இத்தொழிலின் ஒரு பாதி எனல் மிகையாகாது.

அடுத்து நிற்பது நீர். கயிற்றிற் கட்டிய ஈயக்குண்டை இறக்கிப் பாகக் கணக்கில் ஆழம் பார்ப்பதும், நீரின் நிறத்தைக் கொண்டு மணலையும் பாரையும் சேற்றையும் பிரித்தறிவதும், நீரோட்டம் எப்பக்கம் இழுக்கின்றது என உணர்வதும் பலமுறை போய்வந்தவனுக்கே கைவருவன. ஏட்டில் எழுதப்படாத இவ்வறிவைச் சிறுவனாய்க் கப்பலேறியவன் மூத்தோன் அருகிருந்தே பெற்றான்.

வானத்தை நோக்கும் முறைக்கு 1850-இல் சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய அறிவியல் இதழொன்றில் கொங்கிரீவு என்னும் படைத்தலைவர் எழுதிய குறிப்பு அரிய சான்றாகும். சோழமண்டல மாலுமிகள் நடுவே கயிறு கோத்த சிறு மரப்பலகை ஒன்றை வைத்திருந்தனர். கயிற்றிலே முடிச்சுகள் இருக்கும். கயிற்றைப் பல்லிற் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ மீனையும் தொடும்வரை அதனை முன்னும் பின்னும் நகர்த்துவர். பின் முடிச்சுகளை எண்ணுவர். அரபு மாலுமிகளின் 'கமால்' என்னும் கருவியும் இவ்வகையினதே. துருவ மீன் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகையில் நிற்கின்றதோ ஏறத்தாழ அத்தனை பாகை வட அகலக்கோட்டில் நாம் நிற்கின்றோம். பருத்தித்துறைக்கு ஏறக்குறைய 10 பாகை, இரங்கூனுக்கு 17, சிற்றகொங்குக்கு 22. தெற்கே வரவரத் துருவ மீன் தாழும், பலகையைக் கண்ணிலிருந்து அகற்ற வேண்டும், கயிறு நீளும். ஆகவே ஒவ்வொரு துறைக்கும் ஒரு முடிச்சு. பாகையென்றும் அகலக்கோடென்றும் பெயரறியாதவனும் தன் ஊர் முடிச்சை அறிவான். கப்பலின் வேகத்தை அளக்க அணியத்திலிருந்து ஒரு மரத்துண்டை நீரில் எறிந்து, அது பின்னோக்கிச் செல்லும் வேகத்திலேயே தானும் அமரம் நோக்கி நடப்பான். தன் நடையின் வேகமே கப்பலின் வேகம் எனக் கொள்வான் என்றும் கொங்கிரீவு எழுதியுள்ளார்.

அவருக்குச் சில ஆண்டுகள் முன்னே, 1830-களில், இக்கரைகளின் மரக்கலங்களை ஆராய்ந்த யோன் ஈடி என்னும் ஆங்கிலேயக் கப்பற் கட்டுமான வல்லுநர் சோழமண்டலத் தோணியைப் பார்த்து முகஞ்சுளித்தார். தட்டையான அடி, கரடுமுரடான வேலை, கடலுக்கு ஏலாதது என்பது அவர் தீர்ப்பு. அளவுகளை நுணுக்கமாகத் தந்தமைக்கு அவருக்கு நாம் கடப்பாடுடையோம், தீர்ப்பை ஏற்கவேண்டுவதில்லை. ஆழ்கடலுக்கென வகுத்த அளவுகோலால் ஆழமற்ற கடலின் கலத்தை அளந்தமையால் வந்த பிழை அது. மணலில் தட்டினால் நிமிர்ந்திருக்கவும், துறையில்லாக் கரையில் ஏறிநிற்கவும் அத்தட்டையடியே உதவியது.

அத்தீர்ப்புக்கு நூறாண்டு கழித்து விடை கிடைத்தது. 1930-இல் வல்வெட்டித்துறையில் வேப்பமரங்கொண்டு கட்டப்பட்ட 89 அடி நீளப் பாய்க்கப்பல் அன்னபூரணி. அதனை அமெரிக்கராகிய வில்லியம் ஆல்பெர்ட் றொபின்சன் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என மறுபெயரிட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகள் தொழில்செய்ய, அது செங்கடல், சூயசுக் கால்வாய், மத்தியதரைக் கடல் வழியாகச் சென்று, அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஆகஸ்ட் 1-ஆம் நாள் மசாச்சுசெற்சு மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. தண்டையலாகச் சென்றவர் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. இக்கட்டுரையில் நாம் குறிக்கக்கூடிய முதற் கப்பலோட்டியின் பெயர் இதுவே என்பதைப் படிப்போர் கவனித்திருப்பர்.

அதன்பின் நாட்கள் பல எஞ்சவில்லை. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் கைப்பட, வடகரைக் கப்பல்களைப் பலகாலம் தாங்கிய பர்மா அரிசி வாணிகம் அற்றது. இரு நாடுகளும் சுதந்திரமடைந்தபின் குடிவரவுச் சட்டமும் சுங்கக் காவலும் பாக்குத் தொடுவாயை எல்லைக்கோடாக ஆக்கின. கடலை விடமுடியாத இளைஞர் பலர் பிறநாட்டுக் கப்பற் கூட்டங்களிற் சேர்ந்தனர். பிரித்தானியாவில் 1850-ஆம் ஆண்டுச் சட்டம் கப்பற் தலைவர்க்குக் கட்டாயமாக்கிய தேர்வு முறையும், 1978-இல் உருவான அனைத்துலகப் பயிற்சி உடன்படிக்கையும் வகுத்த படிகளில் அவர் ஏறவேண்டியதாயிற்று. பயிற்சி மாணவனாகத் தொடங்கிக் கடலிற் கழித்த மாதங்களைக் கணக்குக் காட்டி, மூன்றாம் அதிகாரி, இரண்டாம் அதிகாரி, தலைமை அதிகாரி எனப் பதவிதோறும் உயர்ந்தே கப்பற் தலைவராதல் கூடும். செயற்கைக்கோள் இடங்காட்டும் இக்காலத்திலும் அத்தேர்வுகளில் விண்மீன் கணக்கு விடப்படவில்லை. துருவ மீனின் உயரங்கொண்டு கப்பல் நிற்கும் அகலக்கோட்டைக் காண்க என்பது அவற்றுள் ஒன்று.