சாயவேரின் கதை

கல்முனையை அடுத்த மருதமுனை, கைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்கே சாரத்திலும் சேலையிலும் ஓடும் சிவப்பு இழை இன்று பெரும்பாலும் ஆலைச் சாயத்தில் தோய்ந்ததே. ஆலை தோன்றுமுன்னர் அந்தச் சிவப்பு எங்கிருந்து கிடைத்தது? இக்கேள்வி நிறத்தைப் பற்றியது மட்டுமன்று, உழைப்பைப் பற்றியதுமாகும்.

மன்னாரின் மணற்பாங்கான நிலத்திலும் சோழமண்டலக் கரையிலும் சாயவேர் என்னும் சிறு செடி வளர்கிறது. அதன் வேரிலே அலிசரின் என்னும் செந்நிறப் பொருள் உண்டு. பருத்தியோ அந்நிறத்தை எளிதில் ஏற்காது. ஆகவே சாயக்காரர் துணிக்குக் கடுக்காய்ச் சாறும் படிகாரமும் ஊட்டி, அதன் பின்னரே வேருடன் காய்ச்சினர். படிகாரத்திலுள்ள அலுமினியம் இழையையும் நிறத்தையும் ஒருசேரப் பற்றிக்கொள்ளும். அவர்கள் இதனைச் சூத்திரமாக எழுதவில்லை, கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

ஒல்லாந்தர் ஆட்சியில் இவ்வேர் கும்பனியின் ஏகபோகமாயிற்று. வேர் கிண்டும் கடமை குறித்ததொரு சாதியார் தலையில் விழுந்தது. உழைப்பு அவர்களுடையது, இலாபம் கும்பனியுடையது.

1868இல் ஜேர்மனியில் கிரேபே, லீபர்மான் என்னும் இருவர் நிலக்கரித் தாரில் கிடைக்கும் பொருளிலிருந்து அலிசரினை ஆக்கினர். 1897இல் ஆலை நீலமும் சந்தைக்கு வந்தது. வேர்ச்சாயம் ஓய்ந்தது. ஏழைக்கும் மலிவாக நிறம் கிட்டியது உண்மை. திருப்பூரின் நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டதும் உண்மை.

1998இல் அனஸ்தாஸ், வார்னர் இருவரும் பசுமை இரசாயனவியலுக்கு 12 நெறிகளை வகுத்தனர். கழிவு பிறவாமலே தடுத்தல், மீள விளையும் மூலப்பொருளைக் கொள்ளல் என்பன அவற்றுட் சில. 2004இல் புனே ஆய்வாளர் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி நுண்துகள்களை ஆக்கிக் காட்டினர். செடியின் சாறு மீண்டும் ஆய்வுகூடத்துள் நுழைந்துவிட்டது.

எனினும் செடியென்றாலே தூய்மை என மயங்கலாகாது. குரோமிய உப்பால் நிறம் பிடிக்கச்செய்தால் தாவரச் சாயத்தின் கழிவும் நஞ்சே.

இதனினும் பெரியது உடைமைப் பிரச்சினை. மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி வாதாட, 1997இல் அது நீக்கப்பட்டது. ஏட்டில் இருந்தமையால் மஞ்சள் தப்பியது. ஏடேறாத சாயக்காரரின் அறிவுக்கு எவர் சாட்சி சொல்வார்?

சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. அதற்குச் சில மைல் தொலைவிலேயே தறிகள் இருக்கின்றன. ஆசிரியரும் மாணவரும் குறிப்பேட்டுடன் முதியவர்களிடம் செல்லட்டும். கேட்டதை எழுதும்போது, சொன்னவரின் பெயரையும் எழுதட்டும்.