காரை ஓடைகளும் பச்சைமலைப் பள்ளத்தாக்குகளும்

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து மேற்கே போகப் போக நிலத்துக்கு வயது கூடிக்கொண்டே போகிறது. ஊருக்குத் தெற்கே கிடப்பது கொள்ளிடம் கொண்டுவந்து போட்ட வண்டல். நிலவியல் கணக்கில் அது நேற்றைய மண். ஜெயங்கொண்டத்தைச் சுற்றிச் செம்மண் மேடும் முந்திரித் தோப்பும். அந்த மேட்டைத் தாங்கி நிற்கும் படிவத்துக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். அரியலூரை எட்டினால் சுண்ணாம்புக்கல். இன்னும் மேற்கே, பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் உள்ள காரையில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண். அதையும் தாண்டினால் பச்சைமலையின் கருங்கல். அதற்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. நூறு கிலோமீட்டருக்குள் இவ்வளவும் அடங்கிவிடுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் ராசேந்திரன் எழுப்பிய கோயில் விமானம் முழுக்கக் கடினமான பாறைக்கல். வண்டலும் மணற்கல்லுமான அந்த ஊரில் அப்படிப்பட்ட கல் விளைவதில்லை. தொலைவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இந்த வழியில் நடந்தே பார்க்க வேண்டிய இடங்கள் என்று நான் சொல்வது இரண்டை: காரையின் களிமண் ஓடைகள், பச்சைமலையின் மரமடர்ந்த பள்ளத்தாக்குகள். இரண்டும் தண்ணீர் அறுத்தவை. இரண்டுக்கும் வாய்த்த மழை ஒன்றே. ஆனாலும் ஒன்றைப் பார்த்த கண்ணோடு மற்றொன்றைப் பார்த்தால் இரண்டையும் தவறாகப் புரிந்துகொள்வோம். காரையைப் பற்றி அப்படியொரு தவறு ஏற்கெனவே ஊரெங்கும் பரவிவிட்டது.

‘தமிழ்நாட்டின் கிராண்ட் கேன்யன்’ என்று காரையைச் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில் வைத்த பெயர்தான்; ஆனால் அது வருகிறவர்களைத் திசைதிருப்புகிறது. அமெரிக்காவில் கொலராடோ என்ற பேராறு, பல லட்சம் ஆண்டுகள் ஓடி, கெட்டிப்பட்ட பாறை அடுக்குகளைச் சில இடங்களில் 1,800 மீட்டருக்கும் மேல் ஆழமாக அறுத்தது. காரையில் ஆறே இல்லை. அங்கே அறுக்கிறது மழை. அறுபடுகிறது இளகிய களிமண். ஆழம் ஒரு ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் என்ற கணக்குதான். பெயரை நம்பி வருகிறவர் மேட்டில் நின்று பார்த்து, ‘இவ்வளவுதானா’ என்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார். காரையின் செல்வம் முழுவதும் அவர் இறங்கிப் பார்க்காத ஓடைத் தரையில் கிடக்கிறது.

பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற வட்டாரம் அது. வயல் முடிந்த இடத்தில் தரை சட்டென்று கீழே இறங்குகிறது. பாதை என்று தனியாக ஒன்றும் கிடையாது; ஓடைதான் பாதை. முதலில் கரை முழங்காலளவு இருக்கும், பிறகு இடுப்பளவு, ஒரு திருப்பத்தில் தலைக்கு மேலே போய்விடும். சுவரின் மேற்பகுதி செம்பழுப்பு, கீழே சாம்பலும் வெளிர்மஞ்சளும். மழைநீர் வழிந்த கோடுகள் மேலிருந்து கீழே நெருக்கமாக இறங்கியிருக்கும். சரிவில் கால் வைத்தால் மேல்மண் பொருக்குடைந்து ஓரங்குலம் அமுங்கும். தண்ணீர் பட்டால் உப்பி, காய்ந்தால் வெடிக்கிற களிமண் இது. அந்த வெடிப்பில் அடுத்த மழை இறங்குகிறது. இவ்வகை மண்ணில் நீர் தரைக்கு மேலே ஓடுவதோடு நிற்காமல் உள்ளே வளையும் தோண்டும். ஒரு நாள் வளையின் கூரை சரிந்து புதிய ஓடை பிறக்கும். அதனால் காரையில் விளிம்பை நம்பி நிற்கக் கூடாது.

குனிந்து பார்த்தால் தரையில் மினுங்குவது ஜிப்சம். கண்ணாடித் தகடு மாதிரி ஒளி ஊடுருவும். நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மையான கனிமம். அதன் நடுவே கரும்பழுப்பு நிறத்தில், விரல் பருமனில், ஒரு முனை கூரான கல் ஒன்று கிடக்கும். அது பெலம்னைட்; இன்றைய கணவாய் மீனுக்கு உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி. உடைந்த முனையை உற்றுப் பார்த்தால் நடுப்புள்ளியிலிருந்து நாலாபுறமும் மெல்லிய கோடுகள் விரிந்திருப்பது தெரியும். சுருண்ட அம்மோனைட் ஓடுகளின் துண்டுகளும் உண்டு. கடல் வெகு தொலைவில் இருக்கும் மானாவாரிக் காட்டில், காலடியில் கடலுயிர் கிடப்பதைப் பார்க்கும்போது வரும் திகைப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பச்சைமலையில் கண்ணுக்கு வேலை வேறு. பெரம்பலூரிலிருந்து லாடபுரம் போய், மயிலூத்து அருவிப் பக்கம் ஏறத் தொடங்கினால் பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது. அடிவாரத்தில் முள்ளும் புதரும். மேலே உசிலும் வெப்பாலையும். உசில் இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு. எண்ணெய் தேய்த்த தலைக்கு இந்தப் பக்கத்தார் தேய்த்துக் குளிப்பது அதைத்தான். ஓடைப் படுகையில் தண்ணீர் உருட்டித் தேய்த்த பாறைகள், உச்சி வெயிலிலும் நிழல் பக்கம் கை வைத்தால் சில்லென்று இருக்கும். அருவி கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழும்.

திறந்த வெளியான காரையில் வழி தப்புவதும், மூடிக் கிடக்கும் பச்சைமலையில் வழி தப்பாமல் போவதும் விந்தையாகப் படலாம். காரணம் எளியது. காரையில் ஓடைக்கு ஓடை ஒரே சாயல். மூன்று திருப்பம் திரும்பினால் எது வந்த ஓடை என்று தெரியாது. மேட்டில் ஏறித்தான் திசை பார்க்க வேண்டும். பச்சைமலையின் ஒற்றையடிப் பாதைகளோ மனிதர் போட்டவை. வண்ணாடு, ஆத்திநாடு, தென்பரநாடு, கோம்பைநாடு என்று நாடு நாடாகப் பிரிந்து வாழும் மலையாளிப் பழங்குடியினர், சாலை வருமுன் விளைந்ததைச் சுமந்துகொண்டு சந்தைக்கு இறங்கிய வழிகள் அவை. ஏற்றம் எங்கே தாங்கும், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று பல தலைமுறைக் கால்கள் கண்டுபிடித்த தடம். அதில் நடப்பவர் அவர்களுடைய அறிவின் மேல்தான் நடக்கிறார்.

இனி மழை. இரு இடத்துக்கும் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். காரையில் அரை மணி நேரம் கொட்டினால் ஓடைகளில் செஞ்சேறு பாயும். மழை விட்ட கொஞ்ச நேரத்தில் வடிந்து, வழுக்கும் குழம்பு மட்டும் மிஞ்சும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை நிறுத்திச் சொன்னார்: “மேக்கால இருட்டிக்கிட்டு வந்தா ஓடைக்குள்ள நிக்காதீங்க தம்பி. இங்க தூறல் விழாமயே தண்ணி வந்துரும்.” பச்சைமலையில் அதே மழை இலை மேல் விழுந்து, சருகில் ஊறி, பாறை இடுக்கில் இறங்கி, வாரக்கணக்கில் கசிகிறது. மழைக்காலம் முடிந்த பிறகும் மயிலூத்தில் கொஞ்ச காலம் தண்ணீர் விழுவது அந்தக் கசிவால்தான். பச்சைமலையிலிருந்து வரும் நீரை வாங்கிக்கொண்டு மருதையாறு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைக் கடந்து கொள்ளிடத்தில் சேர்கிறது. கொட்டரையில் அணை கட்டியிருப்பது இந்த ஆற்றின் குறுக்கேதான். சரிவில் நிற்கும் மரத்துக்கும் சமவெளிக் கிணற்றுக்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் நம் பக்கத்தில் குறைவு.

இரண்டு இடத்திலும் மரமற்ற, மழையால் அரிபட்ட நிலத்தைப் பார்க்கலாம். தோற்றம் ஒன்றுதான், பொருள் வேறு. இந்த ஒப்பீட்டில் நான் சொல்ல வந்தது இதுவே. பச்சைமலைச் சரிவில் மரத்தை எடுத்துவிட்டு உழுத இடத்தில் விழும் அரிப்பு, ஓர் இழப்பு. மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும்போது மண்ணும் கிளறப்படுகிறது. அடுத்த மழையில் அது ஓடையோடு போகிறது. பாறை மேல் அந்த மெல்லிய மண் சேர ஆன காலத்தை மனித ஆயுளால் அளக்க முடியாது. அங்கே மரம் திரும்ப வர வேண்டும், வரப்பும் கல்லணைப்பும் வேண்டும். அதுவும் அந்த மண்ணில் உழைத்துப் பிழைப்பவர்கள் வருமானம் கெடாத வகையில் வேண்டும்.

காரையின் வெறுமை அப்படிப்பட்டதன்று. அங்கே அரிப்புதான் கடலடியைத் திறந்துவிட்டது. நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த வட்டாரத்தை நடந்து அளந்து, 1862இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று படிவங்களை மூன்றாக வகுத்தார். பெர்டினாண்ட் ஸ்டொலிச்கா அடுத்த பத்தாண்டில் இவற்றின் கடலுயிர்ப் புதைபடிவங்களை ஒவ்வொன்றாக விவரித்து எழுதினார். உலகின் எந்தப் பகுதியில் கிரெட்டேசியக் காலப் படிவத்தை ஆராய்பவரும் இன்றுவரை ஊட்டத்தூர், காரை, அரியலூர் என்ற பெயர்களைக் கடந்தே போக வேண்டியிருக்கிறது. மழை அறுத்த இத்தகைய ஓடைகளும் கிணறு வெட்டிய குழிகளும் இல்லையென்றால் அவர்கள் பார்த்திருக்கக்கூடியது கரிசல் வயலை மட்டும்தான். ‘பசுமையாக்குகிறோம்’ என்று காரை ஓடைகளில் குழி தோண்டி மரம் நட்டு மூடினால் நல்லெண்ணத்தோடே ஒரு பேரழிவைச் செய்தவர்களாவோம்.

காரையில் என்றுமே காடு இல்லை என்றும் எண்ண வேண்டாம். பக்கத்துத் தெரணியில் வெட்டியெடுக்கும் வெண்களிமண்ணில் பழைய தாவரங்களின் இலைப்பதிவுகள் கிடைக்கின்றன. அவை அந்தக் கடல் வருவதற்கு முந்தைய நிலத்தில் வளர்ந்தவை. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் ஒரே மரம் கல்லாகிக் கிடக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதை அறிவித்தார். இன்று அது தேசிய நிலவியல் சின்னம். ஆற்றுவெள்ளம் அடித்துவந்து கடலில் தள்ள, வண்டலில் புதைந்து கல்லான மரம் அது. பச்சைமலை ஓடையில் வெள்ளம் சாய்த்துப் போட்ட மரத்தைப் பார்த்தவருக்குச் சாத்தனூர் உடனே விளங்கும்.

காரை, பச்சைமலைப் பள்ளங்களோடு மூன்றாவதொரு பள்ளமும் வளர்ந்துகொண்டிருக்கிறது; அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். சிமெண்டுக்காக வெட்டிய அந்தப் பள்ளங்கள் காரையைவிட ஆழமானவை, சுவர்கள் செங்குத்தானவை. அதிலும் அடுக்கடுக்காகச் சிப்பிகள் தெரிகின்றன. அங்கே நடக்க யாருக்கும் அனுமதி இல்லை. வெட்டி முடித்த பள்ளத்தில் ஒன்றையாவது படிவ அடுக்கு தெரியும்படி விட்டு, மாணவர்கள் இறங்கிப் பார்க்க வழிசெய்தால் பெரிய தொண்டாக இருக்கும்.

காரைக்குப் போக ஏற்ற காலம் தை, மாசி. தரை காய்ந்திருக்கும், வெயில் கொல்லாது. காலையிலேயே போய்விட வேண்டும். நிழல் கிடையாது, தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பச்சைமலைக்கு மார்கழி நல்லது. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, மலையூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஏறுவது நல்லது, அவருக்கு உரிய கூலியும் தர வேண்டும்.

காரையில் கண்ட கல்லைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் நிற்க வேண்டும். எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி போய்விட்டால் அந்தப் புதைபடிவம் வெறும் கல். முழு அம்மோனைட்டைப் பார்க்க விரும்புகிறவருக்கு வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. இன்னொன்று, மோட்டார் சைக்கிள். ஓடைச் சரிவில் சக்கரம் பதிந்த தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகும், வாய்க்கால் ஓடையாகும். வண்டியை வயலோரத்துச் சாலையிலேயே நிறுத்தச் சொல்லி ஒரு பலகை, ஓடைக்குள் இறங்கும் இடத்தைக் காட்ட நான்கு கல், விவரம் தெரிந்த உள்ளூர் இளைஞர் சிலர் இருந்தால் போதும். செலவு மிகச் சொற்பம். ஊராட்சியும் மாவட்ட நிர்வாகமும் நினைத்தால் அடுத்த மழைக்கு முன்பே செய்துவிடலாம்.