சிற்றன்னையும் சித்திரக் கதைகளும்

திரான்சியில் சனிக்கிழமைதோறும் நடைபெற்ற தமிழ் வகுப்பொன்றில் நாம் சில ஆண்டுகள் கற்பித்து வந்தோம். ஒருநாள் சிறார்களிடம் தத்தம் குடும்பத்தை வரையுமாறு கூறினோம். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தாயையும் தன்னையும் வரைந்தான். தந்தையைச் சுவரிலே மாலையிட்ட படமாக வரைந்தான். தாளின் ஓரத்தில் இன்னொரு மனிதர் நின்றார். அவருக்கு முகம் இல்லை. இவர் யார் என்று வினவினோம். "அவர்" என்றான். போரிலே தந்தையைப் பறிகொடுத்த பிள்ளை அவன். தாய் இங்கு மறுமணம் செய்து சில மாதங்களே ஆகியிருந்தன. வந்தவரை எவ்வாறு அழைப்பது என்று பிள்ளைக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்குப் புதிதாக வரும் தாயை அல்லது தந்தையைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவை எவை? அரசின் பாரபட்சத்தைக் குறிக்க 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்று எமது பத்திரிகைகள் எழுதின, நாமும் எழுதினோம். சிற்றன்னையோடு வாழும் பிள்ளை அதை எவ்வாறு வாசிக்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும் எமது இலக்கியம் ஒருபக்கமாக மட்டும் பேசவில்லை. இராமனுக்கு முடிசூட்டு என்று கேட்டதும் மகிழ்ந்து மந்தரைக்கு மாலை பரிசளித்தவள் கம்பனின் கைகேயி. மந்தரையின் சொல்லே பின்னர் அவள் மனத்தைத் திரித்தது. மணிமேகலைக் காப்பியத்திலே மாதவி, தான் பெற்ற மகளைக் கண்ணகியின் மகள் என்றே பெருமையுடன் கூறுகிறாள்.

எமது சட்டமும் இதுபற்றிச் சிந்தித்துள்ளது. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707ஆம் ஆண்டில் 'தேசவழமை'யாகத் தொகுத்தார். மனைவியை இழந்தவர் மறுமணம் செய்ய விரும்பினால், பிள்ளைகளை அவர்களின் அம்மம்மா பொறுப்பேற்பார். தாய் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், தேடிய தேட்டத்தில் பாதியையும் தந்தை அவர்களோடு ஒப்படைத்தல் வேண்டும். பிள்ளையின் உடைமைக்கு அது காவலாயிற்று. இறந்தவளின் தங்கையே சின்னம்மாவாக வீட்டுக்கு வருவதும் எம்மூரில் வழமையாக இருந்தது. அவள் பிள்ளைக்கு முன்பே அறிமுகமானவள். இங்கோ அடுத்த வீட்டில் அம்மம்மா இல்லை. இரண்டு அறை வீட்டுக்குள் அறியாத ஒருவர் வந்து சேர்கிறார்.

ஐரோப்பாவின் கதைகளும் இவ்விடயத்தில் ஆறுதல் தருவனவல்ல. சார்ள் பெரோ 1697இல் பரிசில் வெளியிட்ட தொகுப்பிலே சின்ட்ரெல்லாவைச் சாம்பலில் இருத்தியவள் சிற்றன்னை. ஆனால், யேர்மனியின் கிறிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதற் பதிப்பில் 'வெண்பனி'யைக் கொல்ல முயன்றவள் பெற்ற தாயே! 1819ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவளைச் சிற்றன்னையாக மாற்றினர். 'ஹன்சலும் கிறெத்தலும்' கதையில் காட்டில் பிள்ளைகளைக் கைவிடத் தூண்டிய தாயும் 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் சிற்றன்னையானாள். தாய்மையின் பெயரைக் காக்க, பழி இன்னொருத்தியின் தலையில் ஏற்றப்பட்டது. கொடிய சிற்றன்னை எழுதுகோலாலும் ஆக்கப்பட்டவள் என்பதை நாம் உணர வேண்டும்.

எழுதுகோலால் ஆக்கியதை எழுதுகோலாலேயே திருத்தவும் இயலும். பிரான்சில் போல் போஷே 1931இல் தொடங்கிய 'பேர் கஸ்தோர்' வரிசை, மலிவான சித்திர நூல்களை எளிய வீடுகளுக்கும் கொண்டு சென்றது. அவற்றுக்குப் படம் வரைந்தவர்களுள் ஒருவரான ரொஜான்கோவ்ஸ்கி, உருசியாவை விட்டுப் பரிசில் தஞ்சமடைந்தவர். 1975ஆம் ஆண்டுச் சட்டம் இருவர் சம்மதத்துடனான மணமுறிவுக்கு இந்நாட்டில் இடமளித்தது. பிரிந்தும் மீண்டும் இணைந்தும் அமைந்த குடும்பங்கள் பெருகின. அவற்றின் பிள்ளைகளுக்கான நூல்களும் தோன்றின. அமெரிக்காவில் 1986இல் வெளிவந்த பிரவுண் தம்பதியரின் நூலொன்று, டைனோசர் குடும்பமொன்றை வரைந்து மணமுறிவையும் புதிய பெற்றோரையும் பற்றிப் பேசிற்று. மேரி ஹொவ்மன் எழுதி 1995இல் வெளிவந்த நூலில் கிரேஸ் என்னும் சிறுமி, தந்தையையும் அவரது புதிய மனைவியையும் காணக் காம்பியாவுக்குச் செல்கிறாள். கதைகளில் வந்த கொடிய சிற்றன்னையரே அவள் நினைவுக்கு வருகின்றனர். நேரில் கண்டவளோ வேறொருத்தி.

இத்தகைய நூல்களில் நல்லவை உடனடி அன்பைக் கட்டளையிடுவதில்லை. பிள்ளையின் அச்சத்துக்கும் கோபத்துக்கும் பெயர் கொடுக்கின்றன. புதியவரை ஏற்பது பழையவரை மறப்பதாகாது என்று படத்தினால் காட்டுகின்றன.

அச்சிறுவனின் தாய் எம்மிடம் ஒன்று கேட்டார்: "வாத்தியார், சுவரில் இருக்கிற படத்தைக் கழற்றிவிடட்டோ?" வேண்டாம் என்றோம். அந்தப் படத்தின் கீழேயே புதியவரும் பிள்ளையும் அமர்ந்து ஒரு கதை வாசிக்கட்டும் என்றோம்.

பெற்றோரே, நகரசபை நூலகங்களின் சிறுவர் பகுதிக்குப் பிள்ளையுடன் செல்லுங்கள். பிரெஞ்சு தெரியாதெனத் தயங்க வேண்டாம். பிள்ளை பிரெஞ்சில் வாசிக்கட்டும். நீங்கள் தமிழில் கதை கேளுங்கள். அல்லது ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து உங்கள் வீட்டுக் கதையை நீங்களே வரையுங்கள். அதில் இறந்தவருக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். வந்தவருக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். அவரைச் சித்தப்பா என்பதா, வேறு முறை சொல்லி அழைப்பதா என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள். விடை வரச் சில மாதங்கள் ஆகலாம். பொறுத்திருத்தல் பெரியவர் கடன்.