வாழ்நாளைக் கணினியில் சேர்த்து வைத்தவர்

வீட்டில் சேரும் பழைய காகிதங்களைக் கட்டி, நாளிதழ் வாங்க வரும் வண்டியில் போட்டுவிடுவது நம் வழக்கம். காகிதம் போகட்டும், அதிலுள்ள விவரம் மட்டும் ஒன்றுகூடத் தொலையக்கூடாது என்று நினைத்தார் ஒருவர். அவர்தான் அமெரிக்கக் கணினி வல்லுநர் கார்டன் பெல்.

1934ஆம் ஆண்டு மிசௌரி மாநிலத்தில் பிறந்த பெல், 1995இல் மைக்ரோசாப்ட் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். பத்து லட்சம் நூல்களைக் கணினியில் ஏற்றும் திட்டத்தை முன்னின்று நடத்திய பேராசிரியர் ராஜ் ரெட்டி, 1998இல் பெல்லின் நூல்களையும் கேட்டார். ஆந்திராவில் பிறந்து, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்றவர் இந்த ராஜ் ரெட்டி.

நூல்களில் தொடங்கிய வேலை அதோடு நிற்கவில்லை. கடிதங்கள், புகைப்படங்கள், மருத்துவக் குறிப்புகள் என அனைத்தும் கணினிக்குள் சென்றன. குவிந்ததில் தேடி எடுக்க வழி வேண்டுமல்லவா? ஜிம் கெம்மெல், ரோஜர் லூடர் ஆகிய இருவரும் அதற்காக 'மைலைஃப்பிட்ஸ்' என்ற மென்பொருளை உருவாக்கினர். பெல் பார்த்த இணையப் பக்கங்களும் பேசிய தொலைபேசி உரையாடல்களும் அதில் தாமாகவே பதிவாயின.

இந்த எண்ணம் புதிதன்று. 1945இலேயே வன்னவர் புஷ் என்ற அமெரிக்க அறிவியலாளர், ஒருவருடைய நூல்களையும் கடிதங்களையும் நுண்படச்சுருளில் சேமிக்கும் 'மெமெக்ஸ்' மேசையைக் கற்பனை செய்து எழுதினார். நெற்றியில் அணியும் சிறு கேமராவைப் பற்றியும் அவர் அப்போதே குறிப்பிட்டிருந்தார்.

அந்தக் கேமராவும் வந்தது. மைக்ரோசாப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் லின்ட்சே வில்லியம்ஸ் என்ற பெண்மணி உருவாக்கிய 'சென்ஸ்கேம்', கழுத்தில் தொங்கியபடி தானே படம் எடுத்தது. வெளிச்சம் மாறினாலும், எதிரே ஆள் வந்தாலும் அதன் உணர்கருவிகள் கண்டுகொள்ளும்.

இதன் அருமையை உணர்த்தியவர் பெல் அல்லர். மூளை அழற்சியால் நினைவாற்றலை இழந்த ஒரு மாது. கேம்பிரிட்ஜ் ஏடன்புரூக்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் அவருக்கு இந்தக் கேமராவைக் கொடுத்தனர். கணவர் துணையோடு படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்த அவருக்கு, மறந்துபோன நிகழ்ச்சிகள் நினைவில் நின்றன. நாட்குறிப்பைப் படித்தபோது இந்த அளவு பலன் கிட்டவில்லை. இந்த ஆய்வு 2007இல் வெளியானது.

அதே கருவி தவறான கைகளில் சிக்கினால் என்ன ஆகும் என்ற அச்சமும் எழாமல் இல்லை. அமெரிக்கத் தற்காப்பு ஆய்வு அமைப்பு 2003இல் அறிவித்த 'லைஃப்லாக்' என்ற பதிவுத் திட்டம், அந்தரங்க உரிமை பற்றிய கண்டனங்களுக்கு உள்ளாகி, 2004இல் கைவிடப்பட்டது.

பெல்லும் நாளடைவில் இந்த வழக்கத்தை விட்டுவிட்டார். 2016இல் அளித்த நேர்காணலில் அதை அவரே ஒப்புக்கொண்டார். 2024இல், 89ஆவது வயதில் காலமானார்.

அவர் தேடித் தேடிச் செய்ததை இன்று கைத்தொலைபேசி கேட்காமலே செய்கிறது. ஆயிரக்கணக்கான படங்கள் அதற்குள் உறங்குகின்றன. ஆனால், அந்த மாதுக்கு நினைவை மீட்டுத் தந்தது கேமரா மட்டும்தானா? பக்கத்தில் அமர்ந்து, பொறுமையோடு உடன் பார்த்த கணவரும்தானே!

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தப் படங்களைக் காட்ட, இன்று மாலை பத்து நிமிடம் ஒதுக்கினால் என்ன?