ஒயினுக்கு ஊர்ப்பெயர் உரிமையான வரலாறு

ஒயினை அது விளைந்த ஊரின் பெயரால் அழைக்கும் வழக்கம் மிகப் பழையது. அந்தப் பெயரைச் சட்டம் காக்கும் வழக்கமோ ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குள் அடங்கியது. இடைப்பட்ட நெடுங்காலத்தில் ஊர்ப்பெயர் வாங்குவோருக்கு ஓர் அடையாளமாக இருந்தது. அதை எவரும் எடுத்துக்கொள்ள முடிந்தது. பின்னர் அது எல்லை வகுத்த நிலமாயிற்று. அதற்கும் பின்னர் அந்நிலத்தில் கொடி வளர்ப்போரின் பொதுச் சொத்தாயிற்று. மண்ணும் வெயிலும் இம்மாற்றத்துக்குக் காரணம் சொல்ல உதவின. ஆனால் அதை உந்தியவை போலிச் சரக்கு, விலைச் சரிவு, பயிர் அழிவு ஆகிய நெருக்கடிகள்.

பழங்காலச் சாடிகள்

பொ.ஆ.மு. 14ஆம் நூற்றாண்டில் இறந்த எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் எழுத்துப் பொறித்த 26 மதுச்சாடிகள் கிடைத்தன. ஆட்சியாண்டு, தோட்டம் யாருக்குரியது, நைல் ஆற்றின் எந்தக் கிளையோரம் விளைந்தது, மது வடித்தவர்களின் தலைவன் யார் என்ற விவரங்கள் அவற்றில் உள்ளன. இவை அரண்மனைக் கிடங்குக்கான கணக்குக் குறிப்புகள். ஊரின் பெயரே சந்தையில் விலையை உயர்த்தும் நிலை கிரேக்கத் தீவுகளில்தான் தெளிவாகத் தென்படுகிறது. கியோஸ், தாசோஸ், ரோட்ஸ் முதலிய தீவுகள் சாடியின் வடிவத்தாலும் கைப்பிடி முத்திரையாலும் தம் சரக்கை அடையாளப்படுத்தின. பொ.ஆ.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாசோஸ் கல்வெட்டுகள் மது விற்பனையை ஒழுங்குபடுத்துவதோடு, தாசோஸ் கப்பல்கள் குறிப்பிட்ட கடற்பகுதிக்குள் வேற்றூர் மதுவைக் கொண்டுவரவும் தடை விதிக்கின்றன.

ரோமானியர் இதை இன்னும் நுணுக்கமாக்கினர். கம்பானியாவின் வடக்கில் மாசிக்கஸ் மலைச்சரிவில் விளைந்த ஃபலேர்னியன் மது பேரரசெங்கும் புகழ்பெற்றது. பொ.ஆ. முதல் நூற்றாண்டில் மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்று நூலின் 14ஆம் பகுதியில் மதுக்களை ஊர்வாரியாகத் தரப்படுத்தினார். ஃபலேர்னியனையே மலையுச்சி, நடுச்சரிவு, அடிவாரம் என மூன்றாகப் பிரித்தார். தரத்தைவிட அளவையே உழவர்கள் நாடியதால் அதன் பெயர் மங்கிவருவதாகவும் எழுதினார். பின்னாளில் ஐரோப்பாவை ஆட்டிப்படைத்த சிக்கலின் முதல் தெளிவான பதிவு அது.

மற்றொரு சிக்கலும் அப்போதே தலைகாட்டியது. கோஸ் தீவினர் கடல்நீர் கலந்து செய்த மது பெயர்பெற்றிருந்தது. பொ.ஆ.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் கேட்டோ தம் வேளாண் நூலில், இத்தாலியத் திராட்சையைக் கொண்டே கோஸ் மது செய்யும் முறையைத் தந்தார். இத்தாலியக் குயவர்கள் அத்தீவின் சாடி வடிவத்தையும் பின்பற்றினர். ஊரைக் குறித்த பெயர் ஒரு செய்முறையைக் குறிக்கும் பெயராகத் தேய்ந்தது. அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.

இந்த வணிகத்தின் கிழக்கு முனை தமிழகம் வரை நீண்டிருந்தது. பொ.ஆ. முதல் நூற்றாண்டில் எழுந்த செங்கடல் வழிச் செலவு நூல், மேற்கிந்தியாவின் பரிகாசா துறைமுகத்தில் இறங்கும் மதுவை இத்தாலியது, லவோதிக்கேயாவினது, அரேபியாவினது என்று பிரித்து, இத்தாலிய மதுவுக்கே விருப்பம் அதிகம் என்கிறது. முசிறிப் பகுதித் துறைமுகங்களுக்கும் சிறிதளவு மது வந்தது. அரிக்கமேட்டில் கோஸ் வகை உட்பட மத்தியதரைக் கடல் சாடிகளின் உடைசல்கள் கிடைத்துள்ளன. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் புறநானூறு குறிப்பிடுகிறது. பல மாதக் கடற்பயணத்துக்கு அப்பால் இருந்து வாங்குவோருக்குத் தோட்டமோ உழவரோ கண்ணில் படுவதில்லை. ஊர்ப்பெயர் ஒன்றே அவர்கள் நம்பக்கூடியதாக இருந்தது.

மதிலும் சலுகையும்

இடைக்காலத்தில் இரண்டு வழிகள் பிரிந்தன. பர்கண்டியில் நிலத்துண்டே முதன்மை பெற்றது. 1098இல் சீத்தோவில் தோன்றிய சிஸ்டர்சியத் துறவிகள் கொடைநிலங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு, எந்தத் துண்டில் எப்படிப்பட்ட மது விளைகிறது என்று அறிந்தனர். அவர்கள் மதில் எழுப்பிய குளோ த வூஜோ தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புடன் இன்றும் நிற்கிறது. 1395இல் பர்கண்டிக் கோமகன் துணிவுள்ள பிலிப், மிகுதியாகக் காய்க்கும் காமே கொடிகளைப் பிடுங்க ஆணையிட்டார். ஊரின் பெயர் நிலைக்க வேண்டுமானால் அங்கே நடும் கொடியையும் கட்டுப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அதில் முளைவிட்டிருந்தது. நிலத்துண்டின் பெயர் ஊரின் பெயரையே மிஞ்சிய காலமும் வந்தது. 1847இல் ஜெவ்ரே என்ற சிற்றூர், தன் எல்லைக்குள் இருந்த புகழ்பெற்ற ஷாம்பெர்த்தான் தோட்டத்தின் பெயரை அரசாணையின் பேரில் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அண்டை ஊர்கள் பலவும் அவ்வாறே செய்தன.

போர்டோவில் முதன்மை பெற்றது துறைமுகம். ஆற்றின் மேற்பகுதியில் விளைந்த ஒயின், நகரத்தாரின் ஒயின் விற்றுக் கப்பலேறும் வரை கீழே இறங்க முடியாதபடி நகரம் சலுகை பெற்றிருந்தது. 1776இல் பிரெஞ்சு நிதியமைச்சர் தூர்கோ அதை ஒழிக்கும் வரை போர்டோ என்ற பெயரின் வலிமையில் ஒரு பகுதி இந்த முட்டுக்கட்டையிலிருந்து வந்தது. அதற்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டில், பொந்தாக் குடும்பம் தன் ஓ-பிரியோன் தோட்டத்தின் பெயரிலேயே லண்டனில் ஒயின் விற்றது. 1663இல் சாமுவேல் பெப்பிஸ் அதைத் தம் நாட்குறிப்பில் பதிவுசெய்தார். 1855 பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்டோ தரகர்கள் தோட்டங்களை ஐந்து படிநிலைகளாக வகுத்தபோது, பல ஆண்டு விற்பனை விலையே அவர்களின் அளவுகோல். பட்டியலில் இடம்பெற்றது தோட்டத்தின் பெயர். மண்ணின் பரப்பு அன்று. பர்கண்டியில் நிலம் கைமாறினாலும் அதன் தகுதி நிலத்தோடு நிற்கும். போர்டோவில் தகுதி தோட்டப் பெயரைத் தொடரும். இந்த வேறுபாட்டைக் காணாமல் பிரெஞ்சு மரபு முழுவதையும் மண் வழிபாடாகச் சித்திரிப்பது பிழை.

டூரோ: கல் நட்ட எல்லை

அரசு கோடு போட்டு ஒயின் எல்லையை வகுத்ததற்கு முன்னோடி டஸ்கனி. 1716 செப்டம்பரில் மூன்றாம் கோசிமோ தெ மெதிசி, கியாந்தி, பொமினோ, கார்மிக்னானோ, மேல் வால்தார்னோ ஆகிய நான்கு பகுதிகளின் எல்லைகளை அறிவித்தார். ஆயினும் எல்லை, தரச் சோதனை, விலை மூன்றையும் ஒரே அமைப்பின் கீழ்க் கொண்டுவந்த முதல் பெரும் முயற்சி போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கில்தான் நடந்தது.

1703இல் கையெழுத்தான மெத்துவன் உடன்படிக்கை, பிரெஞ்சு ஒயினைவிடக் குறைந்த சுங்கத்தில் போர்ச்சுகீசிய ஒயினை இங்கிலாந்தில் நுழையவிட்டது. தேவை பெருகியது, டூரோவில் கொடிகள் பரவின. கூடவே கலப்படமும் பரவியது. நிறமற்ற ஒயினுக்கு எல்டர் மரப் பழச்சாற்றால் நிறமேற்றினர். சர்க்கரையும் மட்டமான சாராயமும் சேர்த்தனர். 1750களில் ஆங்கிலேயச் சந்தை நம்பிக்கை இழந்தது, விலை வீழ்ந்தது. ஓப்போர்ட்டோவில் இருந்த ஆங்கிலேய வணிகர்கள் உழவர்களைக் குற்றம் சாட்டினர். உழவர்கள் பழியை வணிகர்கள் மேல் திருப்பினர்.

அப்போது நாட்டின் கடிவாளத்தைப் பிடித்திருந்தவர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்ட அமைச்சர். 1756 செப்டம்பர் 10 அன்று மேல் டூரோ திராட்சைத் தோட்ட வேளாண்மைப் பொது நிறுவனம் தோன்றியது. ஏற்றுமதிக்குத் தகுந்த ஒயின் விளையும் பரப்பு அளக்கப்பட்டது. 1758 முதல் 1761 வரை அதன் விளிம்பில் 335 கருங்கல் தூண்கள் நடப்பட்டன. தூணுக்கு உள்ளே விளைந்ததே இங்கிலாந்துக்குப் போகும். வெளியே விளைந்தது உள்நாட்டுக் கடைகளுக்கு. நிறுவனத்தின் சுவைஞர்கள் ஆண்டுதோறும் ஒயினைத் தரம் பிரித்தனர். அப்பகுதியின் எல்டர் மரங்களை வெட்டி எறியவும் ஆணை பிறந்தது.

இந்த ஒழுங்கு எல்லோருக்கும் நன்மையாக அமையவில்லை. ஓப்போர்ட்டோ மதுக்கடைகளுக்கு ஒயின் வழங்கும் தனியுரிமையும் நிறுவனத்துக்கே சென்றதால் 1757 பிப்ரவரியில் நகரத்தில் கலகம் வெடித்தது. அரசு படையை அனுப்பி அடக்கியது, பலர் தூக்கிலிடப்பட்டனர். எல்லைக்கு உள்ளே நிலம் வைத்திருந்தவர்களில் செல்வாக்குள்ளோர் மிகுந்த பயன் பெற்றனர். எல்லைக்கோடு தரத்தைக் காக்கும் கருவி. யார் பிழைப்பது, யார் ஒதுங்குவது என்று முடிவுசெய்யும் அதிகாரமும் அதற்குள்தான் இருந்தது. அந்தத் தூண்களில் பல இன்றும் தோட்டங்களுக்கிடையே நிற்கின்றன.

பயிர் அழிவும் போலி ஒயினும்

1860களில் அமெரிக்கக் கொடிகளோடு வந்த ஃபைலாக்சீரா என்னும் பூச்சி பிரான்சில் வேர்களை உண்ணத் தொடங்கியது. 1868இல் தாவரவியலர் பிளான்ஷோனும் அவர் துணைவர்களும் காரணத்தைக் கண்டறிந்தனர். அமெரிக்க அடிச்செடியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டும் வழி பின்னர் நிலைபெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளின் பற்றாக்குறையை உலர்திராட்சை ஊறல், சர்க்கரைத் தண்ணீர், அல்ஜீரிய இறக்குமதி ஆகியவை நிரப்பின. புதிய திராட்சையை நொதிக்கவைத்துச் செய்ததே ஒயின் என்று 1889இல் ஒரு சட்டம் வரையறுக்க வேண்டிவந்தது. 1905 ஆகஸ்ட் 1ஆம் நாள் சட்டம் பொருளின் தன்மையையும் பிறப்பிடத்தையும் பொய்யாகச் சொல்வதைக் குற்றமாக்கியது. தோட்டங்கள் மீண்டும் காய்த்தபோது விலை பாதாளத்துக்குப் போயிற்று. 1907 ஜூன் 9 அன்று மோன்பெலியேயில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு போலி ஒயினுக்கு எதிராக முழங்கினர்.

ஷாம்பேனில் போராட்டம் இன்னும் கடுமையான கேள்வியை எழுப்பியது. அங்கே திராட்சை விளைவிப்போர் ஒருபுறம், நுரைக்கும் ஒயினைத் தயாரித்து விற்கும் பெருநிறுவனங்கள் மறுபுறம். தொலைவிலிருந்து ரயிலில் வந்த மலிவான திராட்சையும் ஒயினும் ஷாம்பேன் என்ற பெயரில் விற்பனையாவதாக உழவர்கள் குமுறினர். 1908 டிசம்பர் 17 அன்று வெளியான ஆணை, மார்ன் மாவட்டத்தையும் அதையொட்டிய ஏன் மாவட்டத்தின் ஒரு பகுதியையும் ஷாம்பேன் என அறிவித்தது. தெற்கிலிருந்த ஓப் மாவட்டத்தை விட்டுவிட்டது. ஓப் மாவட்டத்தின் துரோவா நகரமோ பழைய ஷாம்பேன் சிற்றரசின் தலைநகரம். வரலாற்றுப்படி பெயர் தங்களுடையது என்றனர் ஓப் உழவர்கள். சுண்ணாம்பு மண்ணும் கொடி வகையும் வேறு என்றனர் மார்ன் உழவர்கள்.

1910இல் விளைச்சல் அடியோடு பொய்த்தது. 1911 ஜனவரியில் மார்ன் உழவர்கள் தமெரி, ஓவில்லே ஊர்களில் நிறுவனங்களின் கிடங்குகளைத் தாக்கி ஒயினைக் கொட்டினர். வசந்த காலத்தில் ஓப் மாவட்டத்தில் ஊர் மன்றங்கள் கூண்டோடு பதவி விலகின, மக்கள் வரி கட்ட மறுத்தனர். அரசு இறங்கிவந்து எல்லையைக் கைவிடக்கூடும் என்ற செய்தி ஏப்ரலில் பரவியதும் கொந்தளித்தது மார்ன். ஆயி நகரில் ஒயின் நிறுவனங்கள் எரிந்தன, ராணுவம் குவிக்கப்பட்டது. ஜூனில் ஓப் மாவட்டத்துக்கு ஷாம்பேன் இரண்டாம் மண்டலம் என்ற பெயர் தரப்பட்டது. அந்தத் தாழ்வை அங்குள்ளோர் ஏற்கவில்லை. 1927 ஜூலை 22 அன்று வந்த சட்டமே அவர்களை முழு உரிமையோடு சேர்த்தது. மண்ணியல் ஒரு தரப்புக்கும் வரலாறு மறுதரப்புக்கும் சான்று சொன்ன வழக்கில், தீர்வு வந்தது பதினாறு ஆண்டுப் பேரத்தில்.

இடத்தோடு முறையும்

1919 மே 6ஆம் நாள் சட்டம், ஊர்ப்பெயர் யாருக்கு உரியது என்று தீர்க்கும் பொறுப்பை நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. அதன் குறை விரைவில் புலப்பட்டது. எல்லைக்குள் எந்தக் கொடியை நட்டாலும், எவ்வளவு காய்க்கவிட்டாலும் பெயர் கிடைத்தது. ஜிரோந்த் மாவட்டத்தின் அரசியலாளர் ஜோசப் காபூ இதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டினார். ஷாத்தோநஃப்-தியு-பாப்பில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த வழக்கறிஞர் லெ ருவா பிரபு, 1923இல் உழவர்களைத் திரட்டித் தம் ஊருக்கான விதிகளை வகுத்தார்: லாவெண்டரும் தைமும் வளரும் வறண்ட நிலமே தகுதியுள்ளது, இன்னின்ன கொடிகளே ஏற்கத்தக்கவை, மதுச்செறிவு குறிப்பிட்ட அளவுக்குக் குறையக் கூடாது.

இவ்விருவரின் உழைப்பும் 1935 ஜூலை 30ஆம் நாள் ஆணையில் கனிந்தது. அதன்படி அமைந்த தேசியக் குழு, ஒவ்வொரு பெயருக்கும் நில எல்லையோடு கொடி வகை, விளைச்சல் உச்சவரம்பு, மதுச்செறிவு, செய்முறை ஆகியவற்றையும் நிர்ணயித்தது. அரசு, உழவர், வணிகர் மூவரும் அதில் அமர்ந்தனர். 1936 மே 15 அன்று ஷாத்தோநஃப்-தியு-பாப், ஆர்புவா, கசி, தாவெல், மோன்பசியாக் முதலியவை முதல் தகுதியைப் பெற்றன. இடம் என்பது இனி நிலமும் அதில் பழகிய தொழில்முறையும் சேர்ந்தது. இம்முறையின் தனிச்சிறப்பு, பெயரை விளைவிப்போர் கூட்டாக ஆள்வதில் இருக்கிறது. தனி வணிகர் அதை விற்கவும் முடியாது, வேறிடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது.

நாடு கடந்த உரிமை

எல்லை தாண்டியதும் இப்பாதுகாப்பு வலுவிழந்தது. 1891இல் மத்ரித் ஒப்பந்தம், எந்தெந்தப் பெயர்கள் பொதுப்பெயர்களாகிவிட்டன என்று முடிவுசெய்ய உறுப்பு நாடுகளின் நீதிமன்றங்களை அனுமதித்தது. ஒயின் பெயர்களை மட்டும் அதிலிருந்து விலக்கிக் காத்தது. 1919 வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியையும் இவ்வகைப் பெயர்களை மதிக்கக் கட்டாயப்படுத்தியது. 1958இல் ஊர்ப்பெயர்களை நாடுகளுக்கிடையே காக்கும் லிஸ்பன் ஒப்பந்தம் வந்தது. 1960இல் லண்டன் உயர்நீதிமன்றம், ஸ்பானிய ஷாம்பேன் என்று எழுதி விற்பதுகூட ஏமாற்று என்று தீர்ப்பளித்தது. குடியேற்ற நாடுகளில் நிலைமை வேறு. அங்கே ஐரோப்பியக் குடியேறிகள் கொடியோடு ஊர்ப்பெயரையும் கொண்டுசென்றிருந்தனர். ஆஸ்திரேலியா 1994இல் ஐரோப்பாவோடு செய்த ஒப்பந்தத்தில் அப்பெயர்களைப் படிப்படியாகக் கைவிட இசைந்தது. அமெரிக்காவோ 2006 உடன்பாட்டின் பின்னரும் பழைய முத்திரைச்சீட்டுகளில் கலிஃபோர்னியா ஷாம்பேன் என்ற சொற்களை விட்டுவைத்தது.

உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை 1994இல் கையெழுத்தானது. அதன் 22ஆம் பிரிவு எல்லாப் பொருள்களின் ஊர்ப்பெயருக்கும் பொதுவான காப்பு தருகிறது. வாங்குவோர் ஏமாறுவதாக அதில் நிறுவ வேண்டும். 23ஆம் பிரிவு ஒயினுக்கும் வடித்த மதுவுக்கும் தனிச்சலுகை அளிக்கிறது. யாரும் ஏமாறாவிட்டாலும், உண்மையான ஊரைச் சீட்டில் அச்சிட்டிருந்தாலும், பிறர் அப்பெயரை எடுத்தாளக் கூடாது.

இந்த உடன்படிக்கையின் விளைவாக இந்தியா 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை இயற்றியது. 2003 செப்டம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. டார்ஜிலிங் தேயிலை முதல் பதிவைப் பெற்றது. காஞ்சிபுரம் பட்டும் மதுரை மல்லியும் நாசிக் பள்ளத்தாக்கு ஒயினும் பின்னர் அதே பதிவேட்டில் இடம்பெற்றன. ஆனால் உலக அரங்கில் நாசிக் ஒயினுக்குக் கிடைக்கும் 23ஆம் பிரிவின் காப்பு டார்ஜிலிங் தேயிலைக்கும் காஞ்சிப் பட்டுக்கும் கிடைப்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒயின் வணிகத்தின் நெடிய பேர வலிமையைத் தவிர நியாயமான காரணம் இல்லை. அப்பிரிவை எல்லாப் பொருள்களுக்கும் விரிக்க வேண்டும் என்று இந்தியா உள்ளிட்ட நாடுகள் உலக வணிக அமைப்பின் தோஹா சுற்றுப் பேச்சுவார்த்தையில் வலியுறுத்தின. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் எதிர்த்ததால் உடன்பாடு எட்டப்படவில்லை.