எளாவூருக்கு ஒரு குக்ரி

எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே சில கிலோமீட்டர் போனால் பழவேற்காடு ஏரி. வழியெல்லாம் சீமைக் கருவேலம். அம்மா பிறந்த ஊர் இது. லீவுக்குப் போனால் மாமாவோடு விறகு வெட்டப் போவேன். அவர் கையில் எப்பவும் ஒரே வெட்டுக்கத்திதான்.

நான் மலையேற ஆரம்பித்த பிறகு எனக்குக் குக்ரி ஆசை வந்தது. ஆசையின் விதை அதற்கும் முன்னால் விழுந்தது. சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ராத்திரி விசிலும் தடியுமாக வருவாரே, அந்தக் கூர்க்கா. மாசம் பத்து ரூபாய் வாங்கிப்போவார். அவர் இடுப்பில் வளைந்த கத்தி இருப்பதாகவும், அதை உருவினால் ரத்தம் பார்க்காமல் உறைக்குள் போடமாட்டார் என்றும் நாங்கள் நம்பினோம். கத்தியை யாரும் பார்த்ததில்லை. ரத்தக் கதையும் பொய். நேபாளத்து வீடுகளில் அதே குக்ரியால்தான் விறகு பிளக்கிறார்கள், ஆடு வெட்டுகிறார்கள், காய் நறுக்குகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ரத்தம் கேட்டால் சமையல் நடக்குமா?

அந்தக் கதையை நம்பித்தான் முதல் குக்ரியைத் தவறாக வாங்கினேன். சுற்றுலாத் தலம் ஒன்றில், பித்தளைச் சிங்கமுகப் பிடி, கண்ணாடி மாதிரி பளபளப்பு, 15 அங்குலம். கருவேலங்கிளையில் நாலாவது வெட்டிலேயே பிடி கழன்று ஆடியது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. தன் கத்தியை நீட்டினார், அவ்வளவுதான்.

ஒரு விறகுக் கத்திக்கு இவ்வளவு பெரிய கதை எப்படி வந்தது என்று படிக்க ஆரம்பித்தது அப்போதுதான். 1814-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நேபாளத்தோடு போருக்குப் போனது. எதிரி போரிட்ட விதம் பிடித்துப்போக, போர் முழுதாக முடியும் முன்பே, 1815-இல், கூர்க்காக்களைச் சேர்த்துத் தன் படையில் தனிப் பிரிவுகள் அமைத்தது. குக்ரி அவர்களோடு உள்ளே வந்தது. ராணுவச் சின்னமானது, பிறகு உலகப்புகழ் பெற்றது.

இதற்குப் பதினாலு வருஷம் முன்னால் இதே கம்பெனி நம் பக்கம் செய்தது வேறு. 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கத் தடை வந்தது. அதில் அடிபட்டுப்போன ஆயுதங்களில் ஒன்று வளரி. கத்தி இல்லை, எறிகிற வளைதடி. மரத்திலும் செய்வார்கள், இரும்பிலும் செய்வார்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி தன் நினைவுக்குறிப்பில், வளரி வீசத் தனக்குக் கற்றுத்தந்தவரே சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் பிறகு அவரை எதிர்த்துப் போரிட்ட படையில் இருந்தார். ஒரு வளைந்த ஆயுதம் படைக்குள் போய்ப் புகழ் பெற்றது, இன்னொன்று தடைக்குள் போய் ஞாபகமானது. எது நல்ல ஆயுதம் என்பதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

என்னை உண்மையில் நிறுத்திவைத்தது அடுத்த விஷயம். மெட்ராஸ் ராணுவத்தில் பத்தாம் ரெஜிமெண்ட் என்று ஒன்று இருந்தது. 1767-இல் ஹைதர் அலியின் முற்றுகைக்கு எதிராக ஆம்பூர்க் கோட்டையைக் காத்துப் பெயர் வாங்கிய படை. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ். அடுத்து இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானார். மெட்ராஸ் சிப்பாய்கள் போருக்கு லாயக்கில்லை என்பது அவர் முடிவு. சில இனங்கள்தான் 'போர் இனம்' என்ற கொள்கை வலுத்த காலம். 1890-இல் பழைய பத்தாம் ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டது. அந்த எண், பர்மாவின் குபோ பள்ளத்தாக்குக்காக 1887-இல் அமைத்த ராணுவப் போலீஸ் பிரிவுக்குப் போனது. கூர்க்காக்கள் இருந்த பிரிவு அது. சில வருஷங்கள் அவர்கள் 'மெட்ராஸ் காலாட்படை' என்ற பெயரோடே இருந்தார்கள். 1901-இல் அது பத்தாம் கூர்க்கா ரைஃபிள்ஸ் ஆனது. நம்ம ஊர் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் எண்ணைக் குக்ரிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கூர்க்காக்களின் குற்றமில்லை இது. ஆனால் குக்ரியைப் பார்த்து நான் மயங்கியதில் ராபர்ட்ஸுக்கும் ஒரு பங்கு உண்டு.

குக்ரியை அடிப்பவர்கள் நேபாளத்தின் காமி சாதிக் கொல்லர்கள். கத்தி கௌரவச் சின்னம், அடித்தவர்கள் தீண்டப்படாதவர்கள். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் இன்று அதிகம் பயன்படுத்தும் இரும்பு, பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டை. திருப்பாச்சேத்தி மாதிரி அரிவாளுக்குப் பேர்போன ஊர்ப் பட்டறைகளிலும் லாரிப் பட்டைக்குத்தான் மதிப்பு. எளாவூரில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளை இப்போது நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன்.

சரி, முதல் குக்ரி வாங்குகிறவர் எதைப் பார்க்கணும்? நீளம் 10 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் மணிக்கட்டு வலிக்கும், முகாமில் வேலையும் இருக்காது. பளபளப்பைப் பார்க்காதீர்கள், அரத்தை எடுங்கள். குக்ரியைக் காய்ச்சி, கெட்டிலில் இருந்து தண்ணீரை விளிம்பில் மட்டும் ஊற்றிப் பதம் வைப்பார்கள். அதனால் வெட்டுகிற வயிற்றுப் பகுதி கடினமாகவும் முதுகு மிருதுவாகவும் இருக்கும். அடி தாங்கும், உடையாது. வயிற்றில் அரம் வழுக்கி, முதுகில் கடித்தால் நல்ல கத்தி. எல்லா இடத்திலும் கடித்தால் அது சுவரில் மாட்ட. பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது என்று கட்டாயம் கேளுங்கள். மெல்லிய வால் அரக்கில் நிற்பது பழைய முறை, நன்றாகச் செய்தால் தப்பில்லை. புதுசாக வாங்குகிறவருக்குப் பிடியின் இரு பக்கமும் இரும்பு தெரிகிற, ஆணி அடித்த வகைதான் பயமில்லாதது. உருவும்போது உறையின் விளிம்புப் பக்கத்தை விரலால் சுற்றிப் பிடிக்காதீர்கள். கத்தி உறையைக் கிழித்துக்கொண்டு வரும். ஏரிக்காற்றில் உப்பு. துடைத்து எண்ணெய் தடவாமல் ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்மண் நிறம்.

இன்னொன்று, பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கெத்தாகப் போக முடியாது. 2021 செப்டம்பரில் ரவுடிகளுக்கு எதிரான சோதனைகளுக்குப் பிறகு, கத்தி வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறித்துவைக்கும்படி தமிழ்நாடு போலீஸ் பட்டறைகளுக்குச் சொன்னது. யாராவது கேட்டால் சொல்ல ஒரு நியாயமான வேலை இருக்கணும். விறகு நியாயமான வேலைதான்.

இரண்டாவது குக்ரி போன டிசம்பரில் வந்தது. கறுப்பு, சொரசொர, 10 அங்குலம். மாமாவிடம் கொடுத்தேன். கருவேலங்கிளை ஒன்றை இரண்டே வெட்டில் இறக்கினார், பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெட்டு நல்லா விழுது மாப்ள. பிடிதான் சின்னது. யார் கைக்கு அடிச்சான்னு தெரியல."

பிடி மேல் ரப்பர் டியூப் சுற்றிக்கொடுங்கள் என்றேன். அதை அவிழ்க்காமல் இப்போது அவரே வைத்திருக்கிறார். எனக்கு இன்னொன்று வாங்கணும்.